தோட்டத்துக்கு வரும் பிள்ளைகள்: எதைப் பூட்டுவது, எதை மூடுவது

கேள்வி இதுதான்: சேலம் மாவட்டம் வாழப்பாடி பக்கம் தாத்தா பாட்டி இருக்கும் தோட்டத்துக்கு 4 வயதிலும் 11 வயதிலும் இரண்டு பிள்ளைகள் முழுப் பரீட்சை லீவுக்குப் போகிறார்கள். அங்கே கிணறு, டிராக்டர், நாலு மாடு, பாக்கு, குச்சிக்கிழங்கு (மரவள்ளி) எல்லாம் உண்டு. நடுவில் சில நாள் ஏற்காட்டில் உறவினரின் காபித் தோட்டத்திலும் இருப்பார்கள். எதற்குப் பயப்பட வேண்டும், என்ன செய்து வைக்க வேண்டும்?

தாராளமாக அனுப்புங்கள். ஆனால் பிள்ளைகள் போய் இறங்குவதற்கு முன்னால் பெரியவர் ஒருவர் அங்கே ஒரு நாள் வேலை செய்தாக வேண்டும். தோட்டம் என்றதும் எல்லோருக்கும் முதலில் பாம்புதான் நினைவுக்கு வருகிறது. என் வரிசையில் தண்ணீர், டிராக்டர், பூச்சிமருந்து பாட்டில், கரண்ட் ஆகிய நான்குக்கும் பிறகுதான் பாம்பு. இந்த நான்கையும் பூட்டாலும் வேலியாலும் பெருமளவு தடுத்துவிடலாம். "கிட்ட போகாதேன்னு சொல்லி வெச்சிருக்கோம்" என்பதை மட்டும் பாதுகாப்பாகக் கணக்கில் எடுக்காதீர்கள். 4 வயதுப் பிள்ளைக்குச் சொன்னது அடுத்த நிமிஷம் மறந்துவிடும். 11 வயதுக்காரன் சொன்னதைக் கேட்பான். ஆனால் சுற்றுகிற சக்கரத்தின் வேகத்தையோ பின்னால் வரும் டிராக்டரின் தூரத்தையோ கணக்குப் போட அவனுக்கு இன்னும் வராது.

கிணற்றிலிருந்து தொடங்குவோம். நம் பக்கத்துப் பாசனக் கிணறுகள் பெரும்பாலும் பாறையை உடைத்து இறக்கியவை. வாய் அகலம், ஆழம் அறுபது எழுபது அடி, பல கிணறுகளுக்குச் சுற்றுச்சுவரே கிடையாது. கோடையில் தண்ணீர் அடியில் கிடக்கும். விழுந்தால் பாறையில்தான் அடி. இரண்டரை அடிச் சுவர் கட்டி வைப்பது சின்னப் பிள்ளைக்கு ஏறி நின்று எட்டிப் பார்க்க மேடை போட்டுக் கொடுப்பது போலத்தான். குறைந்தது 4 அடி உயரத்துக்குக் கம்பி வலை வேண்டும். கால் வைத்து ஏறுகிற மாதிரி குறுக்குக் கட்டை வெளிப்பக்கம் இருக்கக் கூடாது. கம்பிகளுக்கு இடையிலும் வலைக்கும் தரைக்கும் நடுவிலும் 4 அங்குலத்துக்கு மேல் சந்து விடாதீர்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும், கொக்கி பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். வலை போட்ட பிறகு அதை ஒட்டி டிரம், கல், உரமூட்டை எதையும் வைக்காதீர்கள். முழுக் கிணற்றுக்கும் வலை போட இப்போது முடியாதென்றால், வீட்டு வாசலையாவது அடைத்து விடுங்கள். வாசலுக்குப் படல் போட்டு, பிள்ளை தனியாக வெளியே வர முடியாதபடி செய்வதுகூடப் பெரிய காவல்தான்.

கிணற்றைப் பார்த்துப் பயந்த வீட்டில் மாட்டுத் தொட்டியை யாரும் கவனிப்பதில்லை. ஒன்றரை அடி தண்ணீர் போதும். சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம். குனிந்து கையை விட்டால் தலைகுப்புறப் போய்விடும், திரும்ப எழ முடியாது. சத்தமும் வராது. பிள்ளை இருக்கும் வரை தொட்டியின் மேல் பலகையோ கம்பி ஜல்லடையோ போட்டுக் கட்டுங்கள். வாளித் தண்ணீரைக் கவிழ்த்து வையுங்கள். சொட்டு நீர்ப் பாசனத் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, அந்த மூடி பிள்ளை ஏறி நின்றால் தாங்குமா என்று பாருங்கள்.

பண்ணைக்குட்டை தனி ஆபத்து. அடியில் விரித்திருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டில் பாசி பிடித்துவிட்டால் நீச்சல் தெரிந்த பெரியவராலேயே ஏறி வர முடியாது. கை வைத்த இடமெல்லாம் வழுக்கும். நாலு பக்கமும் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு, மேலே முளையடித்துக் கட்டித் தண்ணீருக்குள் தொங்க வேண்டும். பழைய டயர்களைச் சங்கிலியாகக் கட்டி இறக்குவது இன்னும் நல்லது.

பெரிய பையன் கிணற்றில் நீச்சல் பழக ஆசைப்படுவான். பழகட்டும், நல்லதுதான். ஆனால் அவன் இறங்குவதற்கு முன் ஸ்டார்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது, ஃபியூஸையே பிடுங்கிப் பெரியவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீருக்குள் போகும் மோட்டார் கேபிளில் ஒரு கீறல் இருந்தால் கிணற்றுத் தண்ணீர் முழுக்கக் கரண்ட் பாயும். லாரி டியூப் ஒன்றை நீளக் கயிற்றில் கட்டிக் கிணற்று ஓரத்திலேயே வையுங்கள். யாராவது தத்தளித்தால் முதலில் அதைத்தான் போட வேண்டும். நீச்சல் தெரியாதவர் பின்னாலேயே குதித்தால் இரண்டு உயிர் போகும்.

வெளியே எடுத்த பிள்ளையைத் தலைகீழாகப் பிடித்து ஆட்டுவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது மூன்றும் வேண்டாம். போன நேரம் திரும்பி வராது, வயிற்றில் இருப்பது மூச்சுக் குழாய்க்கு ஏறும். மூச்சு இல்லையென்றால் மல்லாக்கக் கிடத்தி, தாடையைத் தூக்கி, மூக்கை மூடி, வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதுங்கள், நெஞ்சு மேலெழுகிறதா என்று பார்த்து. பிறகும் அசைவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கையால் 30 முறை அழுத்துங்கள், நெஞ்சின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி, நொடிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவான வேகத்தில். பிறகு 2 மூச்சு. 108 வந்து கையில் வாங்கும் வரை இதையே தொடருங்கள்.

தண்ணீர் வராமல் விட்டுவிட்ட ஆழ்துளைக் கிணற்று (போர்) குழி தோட்டத்தில் இருக்கிறதா என்று தாத்தாவிடம் கேளுங்கள். இரண்டு மூன்று இருந்தாலும் ஆச்சரியமில்லை. 2019 அக்டோபரில் மணப்பாறைப் பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்து இறந்தது அப்படி விட்ட குழியில்தான். சாக்கைத் திணித்து மேலே கல் வைப்பது மூடுவதாகாது. சாக்கு மக்கி உள்ளே போய்விடும். உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்ன முறை தெளிவானது: கைவிட்ட குழியைக் களிமண், மணல், கல், போர் போட்டபோது வந்த தூள் இவற்றால் அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும். பயன்பாட்டில் இருக்கும் போருக்குக் கேசிங் பைப்பின் வாயில் இரும்புத் தகட்டை வெல்டிங் வைக்க வேண்டும், அல்லது போல்ட் போட்ட மூடி போட வேண்டும்.

இனி டிராக்டர். மட்கார்டில் பிள்ளையை உட்கார வைத்துக் காட்டுக்குப் போவது ஊர் முழுக்க இருக்கிற வழக்கம், ஆசையாகச் செய்வது. வரப்பில் ஒரு குலுக்கல், பிள்ளை பின்சக்கரத்துக்கும் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கும் நடுவே விழுகிறது. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதிப்பதற்குள் பின்சக்கரம் ஏறியிருக்கும். மடியில் வைத்து ஓட்டினாலும் இதே கதைதான். டிராக்டரில் இருக்கை ஒன்று, ஆளும் ஒருவர்தான். இதில் மட்டும் தாத்தாவிடம் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். பின்னால் எடுக்கும்போது அதைவிட மோசம்: சத்தம் கேட்டு ஓடி வரும் நாலு வயதுப் பிள்ளை பெரிய டயருக்குப் பின்னால் நின்றால் ஓட்டுகிறவர் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. களத்தில் வண்டியை எடுப்பதற்கு முன், பிள்ளை பாட்டி கையில் இருக்கிறது என்பதை ஓட்டுகிறவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். நிறுத்தும்போது சாவி சட்டைப்பைக்குப் போக வேண்டும், கலப்பையோ ரோட்டவேட்டரோ தரையில் இறங்கியிருக்க வேண்டும். தூக்கி நிறுத்திய கலப்பைக்கு அடியில் பிள்ளை நுழைந்து விளையாடும்போது லிவரை இன்னொரு பிள்ளை தட்டிவிட்டால் போதும்.

மற்ற மெஷின்களை ஓட்ட டிராக்டருக்குப் பின்னால் சுற்றும் பி.டி.ஓ. தண்டைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பார்த்தால் ஆபத்தாகவே தெரியாது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு 9. மூன்று அங்குலத் தண்டு என்றால் நொடிக்கு ஏழடித் துணியை இழுத்துச் சுற்றிக்கொள்ளும். தாவணி, துப்பட்டா, சட்டை நுனி, அவிழ்த்த சடை எது சிக்கினாலும், சிக்கியது உணர்வதற்குள் முடிந்துவிடும். தண்டு வாங்கும்போது மேலே ஒரு பிளாஸ்டிக் உறை வரும்; கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று பெரும்பாலும் கழற்றி எறிந்திருப்பார்கள். கடையில் தனியாகவே கிடைக்கும், வாங்கிப் போடுங்கள். மக்காச்சோளம் அடிக்கும் மெஷின் ஓடும் நாளில் பிள்ளைகள் களத்துப் பக்கமே வர வேண்டாம். அந்த மெஷினின் கதிர் போடும் தட்டு 90 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் அதில் 45 சென்டிமீட்டர் மூடியும் இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. பெரியவர் கைகூட உருளைக்கு எட்டக் கூடாது என்பதுதான் கணக்கு. வாடகைக்கு வரும் மெஷினில் அந்த மூடி இல்லையென்றால் வேறு மெஷின் கேளுங்கள்.

மாட்டுக்குத் தட்டு (சோளத் தட்டை) வெட்டும் மெஷின் நிற்கும்போதுதான் பிள்ளைகளின் விரலை அதிகம் எடுக்கிறது. கையால் சுற்றும் பெரிய சக்கரத்தில் அலகு இருக்கும். ஒரு பிள்ளை ஊஞ்சல் போலச் சக்கரத்தைத் தள்ளும், இன்னொரு பிள்ளை தட்டு நுழையும் வாயில் கை வைத்திருக்கும். டில்லி ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் வட இந்தியக் கிராமங்களில் இதே விபத்தை ஆராய்ந்து சொன்ன திருத்தங்கள் நம்மூர் லேத் பட்டறையிலேயே செய்யக்கூடியவை: சக்கரத்தையும் சட்டத்தையும் சேர்த்துத் துளையிட்டு ஒரு இரும்பு ஊசி செருகிப் பூட்டுவது, அலகுக்குத் தகட்டு மூடி, தட்டு நுழையும் வாய்க்கு முன்னால் கை இடித்து எச்சரிக்கிற மாதிரி ஒரு உருளை. மூன்றும் முடியாவிட்டால் ஊசியும் பூட்டும் மட்டுமாவது இன்றே. மோட்டார் வைத்த மெஷின் என்றால் சுவிட்ச் பெட்டிக்குப் பூட்டு.

விரல் துண்டாகிவிட்டால்: காயத்தின் மேல் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக் கையைத் தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மருத்துவர் அதையெல்லாம் சுரண்டி எடுத்த பிறகுதான் தைக்க முடியும். துண்டான விரலைச் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, அந்தப் பையை ஐஸ்கட்டி போட்ட இன்னொரு பையில் வையுங்கள். ஐஸ் நேராகத் தோலில் பட்டால் திசு செத்துவிடும். விரல் குளிரில் பன்னிரண்டு மணி நேரம் போலத் தாங்கும். மணிக்கட்டோடு போனால் ஆறு மணி நேரத்துக்குள் ஒட்ட வைக்க வேண்டும். அறுவை வசதி இல்லாத இடத்தில் நேரத்தைக் கழிக்காமல் நேராகச் சேலம் போங்கள்.

பூச்சிமருந்து விஷயத்தில் மிக ஆபத்தான பழக்கம் ஒன்று: மீதி மருந்தைக் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி மோட்டார் ரூம் ஜன்னலில் வைப்பது. களைக்கொல்லியில் பாராகுவாட் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு மாற்று மருந்தே கிடையாது. பிள்ளை ஒரு வாய் குடித்தாலே போதும். முதல் நாள் வாய்ப்புண்ணோடு நன்றாகத்தான் இருக்கும், அடுத்தடுத்த நாட்களில் சிறுநீரகமும் நுரையீரலும் போகும். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது, ஆனால் பழைய டியூப் பரணில் கிடக்கலாம். பற்பசை டியூப் மாதிரியே இருக்கும். அதைத் தின்ற பிள்ளையும் முதல் இரண்டு நாள் விளையாடிக்கொண்டு இருக்கும், பிறகு கல்லீரல் செயலிழக்கும். ஆகவே "நல்லாத்தான் இருக்கான்" என்று வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். எல்லா மருந்தையும் அதனதன் டப்பாவிலேயே, லேபிள் கிழியாமல், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் வையுங்கள். பெட்டி மோட்டார் ரூமில் இருக்கட்டும், சமையலறைப் பக்கம் வேண்டாம். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அந்தத் தண்ணீரையும் ஸ்பிரேயரிலேயே ஊற்றிவிட்டு, டப்பாவில் ஓட்டை போட்டு விடுங்கள். தண்ணீர் மொள்ள யாரும் எடுக்க மாட்டார்கள். மருந்தடித்த அன்று தாத்தா குளித்து உடை மாற்றிய பிறகே பேரனைத் தூக்கட்டும்.

குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர், சாணித் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மேலே கொட்டியிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் சிகிச்சை அப்போதே தொடங்கும்.

சேலத்தில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பனமரத்துப்பட்டிப் பக்கம் காடு காடாக அரளி. பூ, இலை, தண்டு, கொட்டை எல்லாமே இதயத் துடிப்பைக் குலைக்கும் விஷம். அதிகாலையில் மொட்டுப் பறிக்கப் போகும் பிள்ளைகள் கை கழுவாமல் பலகாரம் தின்னக் கூடாது, அரளிக் குச்சியில் எதையும் குத்தித் தின்னக் கூடாது. வேலியில் காட்டாமணக்கு இருந்தால் அதன் கொட்டை வேர்க்கடலை போல ருசிக்கும் என்பதால் கூட்டமாகச் சேர்ந்து தின்று கூட்டமாக வாந்தி பேதியோடு வருவார்கள். ஆமணக்குக் கொட்டையைக் கடித்து மென்றால் அதைவிட மோசம். குச்சிக்கிழங்கைக் காட்டிலேயே பிடுங்கிப் பச்சையாகக் கடிப்பதும் வேண்டாம், குறிப்பாக ஜவ்வரிசி ஆலைக்குப் போகும் கசப்பு ரகங்கள். தோலில் சயனைடு அதிகம். சமையலுக்கான கிழங்கையும் தோலை முழுக்க உரித்து, வேக வைத்து, தண்ணீரைக் கொட்டிய பிறகே கொடுங்கள்.

கரண்டுக்கு வருவோம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு மூடியும் பூட்டும், மோட்டாருக்குச் சரியாக வேலை செய்யும் எர்த்தும் இருக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றை வீட்டு லைனுக்கு மாட்டுங்கள். பன்றிக்கு என்று மெயின் லைனிலிருந்து கம்பி வேலிக்குக் கரண்ட் கொடுப்பது குற்றம், அக்கம்பக்கத்துக் காட்டில் அப்படி யாராவது செய்கிறார்களா என்று விசாரியுங்கள். பாக்கு பறிக்கும் அலுமினியக் கொக்கியைப் பிள்ளை கையில் கொடுக்கவே கூடாது. மரத்துக்கு மேலே போகும் 11,000 வோல்ட் லைனில் கம்பு முட்ட வேண்டும் என்பதுகூட இல்லை, நெருங்கினாலே தாவும்.

மாடு: கன்று போட்ட மாட்டிடம் சின்னப் பிள்ளை போக வேண்டாம். பெரியவன் மாட்டைப் பிடித்துப் போகலாம், ஆனால் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது. மாடு மிரண்டு ஓடினால் சுற்றிய கயிறு விரலைப் பிய்க்கும் அல்லது பிள்ளையை இழுத்துக்கொண்டே ஓடும். கயிற்றை மடித்து உள்ளங்கையில் பிடிக்கச் சொல்லிக் கொடுங்கள், மாடு இழுத்தால் விட்டுவிடலாம் என்றும் சொல்லுங்கள். மாட்டைத் தப்ப விட்டதற்குத் திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் கயிற்றை விடாமல் இருக்கிறார்கள்.

பாம்புக்கு: ராத்திரி தரையில் படுக்க வேண்டாம். கட்டிலும், மெத்தைக்கு அடியில் செருகிய கொசு வலையும் கட்டுவிரியனுக்கு எதிரான நல்ல காவல். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் பிள்ளை வயிறு வலிக்கிறது, கண் இமை தூக்க முடியவில்லை என்று சொன்னால் அஜீரணம் என்று விடாமல் உடனே கொண்டு போங்கள். எந்தக் கடியானாலும் இறுகக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். கடித்த கை காலைக் குச்சி வைத்து அசையாமல் கட்டி, பிள்ளையை நடக்க விடாமல் தூக்கிப் போங்கள். விஷமுறிவு மருந்து பிள்ளைக்கும் பெரியவர் அளவேதான். குறைத்துக் கொடுப்பதில்லை, ஏனென்றால் உள்ளே போன விஷத்தின் அளவு ஒன்றே. செந்தேள் கொட்டிய பிள்ளைக்கு வாந்தி, சில்லிட்ட கை கால், கொட்டும் வியர்வை இருந்தால் அதுவும் மருத்துவமனைக்குத்தான்.

ஏற்காட்டில் கோடையில் காபி அறுவடை இருக்காது, அது குளிர்காலத்து வேலை. ஆனால் காபிப் பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷின் கொட்டகை, காபித் தோல் ஊறும் குழி, சில்வர் ஓக்கில் சாய்த்து வைத்த மிளகு ஏணி எல்லாம் அங்கேயே இருக்கும். ஒற்றை மூங்கில் ஏணியைப் பிள்ளை பார்த்தால் ஏறும். உபயோகம் முடிந்ததும் தரையில் படுக்க வைத்துச் சங்கிலி போடச் சொல்லுங்கள். கோடை மழைக்கு முன் நிழல் மரம் கழிக்கும் நாளில் பிள்ளைகள் அந்தச் சரிவுக்குக் கீழே இருக்கக் கூடாது. கிளை உருண்டு வரும். காட்டெருமை விடிகாலையிலும் மாலை மசங்கும் நேரத்திலும் தோட்டத்துக்குள் வரும், அந்த நேரத்தில் தனியாக வெளியே அனுப்பாதீர்கள். தேனீ கலைந்தால் கையை வீசாமல் நேராக ஓடிக் கதவுள்ள கட்டடத்துக்குள் போக வேண்டும். பத்துக்கு மேல் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ காத்திருக்கக் கூடாது. மலையிலிருந்து சேலம் இறங்க 20 கொண்டை ஊசி வளைவு உண்டு. அதனால் மலையில் எந்த முடிவையும் சமவெளியை விட அரை மணி முன்னதாகவே எடுங்கள். ஏற்காடு அரசு மருத்துவமனையில் முதலுதவி செய்து கொண்டே கீழே சொல்லி வைக்கலாம்.

11 வயதுப் பையனை வேலையே செய்ய விடக் கூடாது என்று நான் சொல்லவில்லை. கோழிக்குத் தீனி, செடிக்குத் தண்ணீர், பாக்குப் பொறுக்குவது, பெரியவர் பக்கத்தில் நிற்க ஆட்டை ஓட்டுவது எல்லாம் செய்யட்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தம் 14 வயதுக்குள் உள்ள பிள்ளை பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்கிறது, ஆனால் அபாய வேலைகளை விலக்கியிருக்கிறது. டிராக்டர், கதிரடிக்கும் மெஷின், தட்டு வெட்டும் மெஷின் ஓடும் வேலைகள் அந்த விலக்குப் பட்டியலைச் சேர்ந்தவை. மருந்து கலப்பதையும் நீங்களே அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரே ஏற்பாடுதான்: பெரியவர்கள் வேலை செய்யும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். அடுப்பையும் மாட்டையும் சேர்த்துப் பார்க்கும் பாட்டியை அந்த ஒருவராகக் கணக்கில் வைக்காதீர்கள். அண்ணனையும் வைக்காதீர்கள்.

கடைசியாக, தோட்டத்துக்குக் கதவு எண்ணும் தெருப் பெயரும் கிடையாது. 108-க்குப் பேசுகிறவர் பதற்றத்தில் வழி சொல்ல முடியாமல் திணறுவார். ஆகவே ஒரு அட்டையில் ஊராட்சி, ஊர் பெயர், மெயின் ரோட்டில் எந்தப் பஸ் நிறுத்தத்தில் திரும்ப வேண்டும், அங்கிருந்து எத்தனை கிலோமீட்டர், எந்தக் கோயில் அல்லது டிரான்ஸ்பார்மர் அடையாளம் என்று பெரிய எழுத்தில் எழுதி மோட்டார் ரூமிலும் அடுப்படியிலும் ஒட்டுங்கள். அதன் கீழே இரண்டு பிள்ளைகளின் எடை, ரத்த வகை, கடைசியாக டெட்டனஸ் (டி.டி.) ஊசி போட்ட மாதம். தோட்டத்தில் சிக்னல் எந்த இடத்தில் கிடைக்கும் என்பதையும் எழுதுங்கள். மலையில் அது சில சமயம் ஒரே ஒரு பாறையாகத்தான் இருக்கும். ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தால் டார்ச்சோடு மெயின் ரோட்டில் போய் நிற்க வேண்டியது யார் என்பதையும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.